எண்கள் பொருந்துகின்றன, பெயர்கள்?

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்பவர்கள் ஒரு வண்டியை வாங்கும்முன் குனிந்து எண்களைப் பார்க்கிறார்கள். சேசிஸில் பொறித்த எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவைதானா என்று ஆவணங்களோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார் என்பதற்குச் சான்று கிடைத்தால் விலை இன்னும் ஏறும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் கறார் அது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

நான் மொபெட்டைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. இந்த வண்டிகளைப் பற்றிப் படிக்க வைத்தவள் என் முதுகலை மாணவி ஒருத்தி. அவள் கல்லூரிக்குப் புல்லட்டில் வருபவள். 1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நிறுவனத்தோடு கூட்டாகச் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் வழிவந்த வண்டி. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டாள்: "அம்மா, இந்த வண்டிங்களோட கதையில பொம்பளைங்களே கிடையாதா?" உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. எஞ்சினைப் படிக்க எனக்குத் தெரியாது. பெயர்களைப் படிக்கத் தெரியும். அங்கிருந்து தொடங்கினேன்.

சேகரிப்பாளர்கள் கொண்டாடும் பெயர்களில் ஒன்று 'கோல்டு ஸ்டார்'. பி.எஸ்.ஏ. என்ற பர்மிங்காம் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் வண்டி. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில், ப்ரூக்லேண்ட்ஸ் என்ற பந்தயத் தடம் 1907 முதல் 1939 வரை இயங்கியது. அங்கே பந்தயத்தின்போது ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல், அதாவது 160 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டி முடிப்பவருக்கு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ரேசிங் கிளப் சிறிய தங்க நட்சத்திரப் பதக்கம் ஒன்றைக் கொடுத்தது. 1937இல் வால் ஹேண்ட்லி என்பவர் பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் வண்டியில் அதை வென்றார். அடுத்த ஆண்டே நிறுவனம் தன் புதிய வண்டிக்குக் கோல்டு ஸ்டார் என்று பெயர் வைத்தது.

ஹேண்ட்லிக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1934இல், அந்த நட்சத்திரத்தை இரண்டு பெண்கள் வாங்கியிருந்தார்கள். முதலில் ஃப்ளோரன்ஸ் ப்ளென்கிரன். அதே ஆண்டில், 500 சிசி நார்ட்டனில், பியாட்ரிஸ் ஷில்லிங். பிறகு 1939இல், 350 சிசி நார்ட்டனில், தெரசா வாலக். ப்ரூக்லேண்ட்ஸ் மூடப்படும்வரை அதை வென்ற பெண்கள் இந்த மூவர் மட்டுமே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பி.எஸ்.ஏ. தன் வண்டியில் வென்றவரின் நினைவாகத் தன் வண்டிக்குப் பெயர் வைத்தது. வேறு நிறுவன வண்டிகளை ஓட்டிய பெண்களை அது ஏன் நினைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. என் சண்டை அந்த நிறுவனத்தோடு அல்ல, பிறகு வந்த கதைசொல்லிகளோடு. நான் படித்த அறிமுகங்கள் பலவும் பதக்கம் என்ன என்று விளக்கிவிட்டு நேரே ஹேண்ட்லிக்குப் போய்விடுகின்றன. ஒரு திருகாணி எந்த ஆண்டு மாறியது என்று பத்தி பத்தியாக விவாதிப்பவர்களுக்கு இந்த மூன்று பெயர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

ஷில்லிங்கின் பெயருக்கு நேர்ந்தது இன்னும் கூர்மையானது. 1909இல் பிறந்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். நார்ட்டனுக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்தி வேகம் கூட்டியவர். பின்னாளில் லண்டனின் ஏஸ் கஃபே பையன்கள் நார்ட்டன் சேசிஸில் ட்ரையம்ஃப் எஞ்சினை ஏற்றி 'ட்ரைட்டன்' என்றார்கள். எண்கள் பொருந்தாத அந்தக் கலப்பு வண்டி இன்று ஆண்களின் கைவண்ணத்துக்கு அடையாளம். வண்டியைப் பிரித்துத் தன் விருப்பத்துக்கு மாற்றும் அதே வேலையை ஒரு பெண் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் ஒரு குறை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கீழே சாய்த்தால் கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் குலைந்து எஞ்சின் திணறும். எதிரி விமானங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஷில்லிங், நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் துண்டை வடிவமைத்து எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தினார். 1941இல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளங்களுக்குப் போய் அதைப் பொருத்தினார். விமானிகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை.

அதற்குக் கிடைத்த செல்லப்பெயர்: 'மிஸ் ஷில்லிங்ஸ் ஆரிஃபிஸ்'. ஆரிஃபிஸ் என்றால் துளை. பொறியியலில் சாதாரணச் சொல். உடலின் துளைக்கும் அதே சொல். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1938இலேயே அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. ஆனாலும் 'மிஸ்' தேவைப்பட்டது, நகைச்சுவை அப்போதுதான் வேலை செய்யும்.

இதைப் படித்தபோது எனக்குச் சங்கப் புலவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இயற்பெயர் தொலைந்துபோன புலவருக்குத் தொகுத்தவர்கள் அவர் பாட்டில் இருந்த தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் என்றால் அவர் படைத்த உவமைதான் அவர். பெயர் போயும் செயல் நின்றது. ஷில்லிங்குக்குப் பெயர் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்பவருக்கு முதலில் தோன்றுவது ஒரு பெண் உடல். கண்டுபிடிப்பு அதன் பிறகு. மறக்கப்படுவது மட்டும் அழிப்பு இல்லை. இப்படி நினைவில் வைக்கப்படுவதும் ஒருவகை அழிப்புதான்.

இந்த உலகில் பெண்ணே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1970களின் நார்ட்டன் கமாண்டோ விளம்பரங்களைப் பாருங்கள். வண்டிக்கு அருகே ஒரு பெண் நிற்பாள், குறைந்த உடையில். வண்டிக்குப் பெயர் உண்டு, அவளுக்கு இல்லை. பழைய விளம்பரங்களையும் தேடிச் சேகரிக்கிறார்கள். ஆக, பெண்ணின் படம் சேகரிப்பில் இருக்கிறது. பெண்ணின் ஓட்டம்தான் இல்லை.

பெண்ணியவாதியாகிய நானும் என் பங்குக்குக் கறாராக இருக்க வேண்டும். வாலக்கும் ப்ளென்கிரனும் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து 600 சிசி பேந்தர் வண்டியில், பக்கப்பெட்டியும் பின்னால் ஒரு டிரெய்லருமாகப் புறப்பட்டு, சஹாராவைக் கடந்து 1935 ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தார்கள். கேட்கவே உடல் சிலிர்க்கும் பயணம். ஆனால் அவர்கள் கடந்தது பெரும்பாலும் பிரெஞ்சு, பிரிட்டிஷ் காலனிகள். அந்தச் சாலைகள் அவர்களுக்குத் திறந்ததில் துணிச்சலோடு கடவுச்சீட்டின் நிறமும் சேர்ந்திருந்தது. வழியில் இருந்த ஊர்களின் பெண்கள் அன்று இலண்டனை நோக்கி அப்படி ஒரு பயணம் கிளம்பியிருக்க முடியாது. நான் மூன்று பெயர்களை மீட்கும்போது அவர்களுக்குப் பெயர் கேட்பதற்கும் ஒரு இடம் விட்டுவைக்கிறேன்.

நான் கேட்பது 'பெண்களும் ஓட்டினார்கள்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி அல்ல. சேகரிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட விதியைப் பாதியில் நிறுத்தாமல் பின்பற்றட்டும் என்கிறேன். எண்ணைச் சரிபார்க்கும் கை பெயரையும் சரிபார்க்கட்டும்.

இதையெல்லாம் என் மாணவியிடம் சொன்னேன். நட்சத்திரக் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். பெட்ரோல் பங்கில், சர்வீஸ் கடையில், கல்லூரி வாசலில் அவளிடம் கேட்கிறார்களாம்: "அண்ணன் வண்டியாம்மா?" இப்போதெல்லாம் அவள் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டுகிறாள். சேசிஸ் எண், எஞ்சின் எண், உரிமையாளர் பெயர். மூன்றும் பொருந்துகின்றன.