மேடும் தெருவும்

2022இல் வெம்பக்கோட்டை மேட்டில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. ஆளில்லாத மேடு தொல்லியலுக்கு வசதியான பிரதி. ஜனங்கள் குடியிருக்கும் ஊரை அது வாசிப்பதில்லை என்பதே என் விமர்சனம்.

பெரியாழ்வார் காலந்தொட்டு ஊராக இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஏன், ராஜபாளையத்திலும், பழைய வீட்டை இடித்து வானம் தோண்டறப்போ வருகிற ஓட்டாஞ்சில்லை யார் பார்க்கிறார்கள்? மண்ணோடு மண்ணாக லாரியில் போய்விடும். 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று தூரத்தை அளக்கிறது, ஆழத்தை அல்ல. இங்கிலாந்திலோ, கட்டட அனுமதிக்கு முன்பே மண்ணை மதிப்பிடச் சொல்லும் வழிகாட்டுதல் 1990இலேயே வந்துவிட்டது.

கோயிலும் நாயக்கர் அரண்மனையும் தரைக்கு மேலே நிற்கின்றன. உழைத்தவன் வாழ்ந்த தெரு கீழே கிடக்கிறது. சோதனைக்குழி போடாமல் தரும் ஒவ்வொரு அனுமதியும், எது வரலாறு என்பதற்கான தீர்ப்புதான்.