கிளுவை வேலிப் பூக்கள்: யாழ்ப்பாணத்து ஒழுங்கையும் கொங்கு நாட்டுக் கொரங்காடும்

யாழ்ப்பாணத்திலும் கொங்கு நாட்டிலும் உயிர்வேலி என்றால் கிளுவைக்குத் தனி இடம் உண்டு. கம்பை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்து வெறுங்கொம்பாக நிற்கும். மழை விழுந்ததும் தளிர்க்கும். அந்த மழையோடு கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சிறுதாளி, செங்காந்தள் என்று கொடிகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறிப் பூக்கின்றன. இரண்டு இடங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கிய மழை. யாழ்ப்பாணத்துக்கும் தாராபுரத்துக்கும் அட்சரேகையில் ஏறக்குறைய ஒரு பாகைதான் வித்தியாசம். செடியும் பருவமும் சூரியனும் இப்படி ஒத்திருந்தும், இயற்கை ஒளியில் எடுத்த வேலிப் பூப் படங்கள் இரண்டு இடங்களிலும் வேறு வேறாகவே அமைகின்றன. அந்த வேலி எதற்காக எழுந்தது என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து வேலி வீட்டுக்கு மறைப்பு. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்து அடைப்பார்கள். தெருவில் போகிறவருக்கு முற்றம் தெரியக் கூடாது என்பதால் அது ஆளுயரத்துக்கும் மேலே எழும்பும். இரு பக்கமும் இப்படி வேலி எழுந்து நிற்க, நடுவே ஒடுங்கிய ஒழுங்கை ஓடும். வேலியை ஊடுருவி வெயில் வராது. மேலிருந்துதான் இறங்க வேண்டும். அதனால் காலையில் நெடுநேரம் ஒழுங்கைக்குள் வானத்து வெளிச்சம் மட்டுமே இருக்கும். நிழல் விழாத, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய மென்மையான ஒளி அது. வெள்ளைப் பூவுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கோவைப் பூவை நேர் வெயிலில் எடுத்தால் இதழ் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒழுங்கை நிழலில் எடுத்தால் இதழின் பச்சை நரம்புகளும் அதன்மேல் படர்ந்த மெல்லிய சுணையும் தெளிவாகத் தெரியும்.

எந்தப் பக்கத்து வேலி என்பதும் முக்கியம். கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கிழக்கு மேற்காக ஓடும் ஒழுங்கையில் வடக்குப் பக்கத்து வேலி வெயிலில் நிற்கும். தெற்குப் பக்கத்து வேலி நாள் முழுவதும் நிழலில் இருக்கும். நண்பகலிலும் படம் எடுக்க விரும்புகிறவர் தெற்குப் பக்கத்து வேலியை நாடலாம். இந்த நிழலில் இரண்டு குறைகள் உண்டு. வானத்தின் நீலமும் இலைகளின் பச்சையும் பூவின்மேல் ஏறும். கேமராவின் ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு மாற்றினால் நீலம் குறையும், இலையின் பச்சைக்கு ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் குறைவாக இருப்பதால் ஷட்டர் வேகமும் குறையும். ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றத் தயங்கக் கூடாது. முசுட்டை போல மாலை மங்கிய பிறகு மலரும் வெள்ளைப் பூவுக்கு முக்காலி இல்லாமல் முடியாது.

கொங்கு நாட்டு வேலிக்கு வேலை வேறு. தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும். அங்கே காங்கேயம் மாடுகளை மேய விட்டுக் கடவை அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாடு வெளியேறாமல் முட்கிளுவை தடுத்தால் போதும். கண்ணை மறைக்க வேண்டியதில்லை. ஓலை அடைப்பு இல்லாத அந்த வேலியின் இடுக்குகளில் வெளிச்சம் புகுந்து வரும். பின்னாலே மறிப்பதற்கு வீடும் இல்லை. கிழக்கே சூரியன் எழுந்ததுமே கொடியின் பின்னாலிருந்து வெயில் வந்துவிடுகிறது. எனவே அங்கே எதிரொளிதான் இயல்பான முறை.

செங்காந்தளுக்கு அந்த எதிரொளி அற்புதமாகப் பொருந்துகிறது. அந்தப் பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து, ஓரம் நெளிந்து நிற்கும். மலரும்போது பசுமஞ்சளாக இருந்து, பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் அடிவரை சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்த நிலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். பின்னாலிருந்து வெயில் விழும்போது மஞ்சள் அடி விளக்கேற்றியதுபோல் ஒளிரும். சூல்தண்டு பக்கவாட்டில் செங்கோணமாக மடங்கியிருப்பது கோடு கிழித்ததுபோல் தெரியும். நேர் வெயிலில் முன்னாலிருந்து எடுத்தால் சிவப்பு ஒட்டுமொத்தமாக அப்பிக்கொண்டு நெளிவு மறைந்துபோகும். கேமராவின் சென்சார் சிவப்பில் சீக்கிரம் நிறைந்துவிடுவதால், எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைப்பது நல்லது. கொங்கு வெளியில் தடை காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் கொடிப் பூவை எடுப்பது பெரும்பாடு. ஐப்பசியில் காற்று தணிந்துவிடும். அப்போதும் 1/500 விநாடிக்குக் கீழே இறங்காமல் இருப்பது பாதுகாப்பு.

ஆட்களிடம் பழகும் விதத்தையும் வேலிதான் முடிவு செய்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு லென்ஸை நீட்டுவது ஒரு வீட்டுக்கு நீட்டுவதாகும். படலையடியில் நின்று, “அம்மா, வேலியில பூத்திருக்கிற பூவைப் படம் எடுக்கலாமோ?” என்று கேட்டால், “அதுக்கென்ன தம்பி, எடுங்கோ” என்ற பதில் பெரும்பாலும் வரும். கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை. நீண்ட போர்க்காலத்தைக் கண்ட மண்ணில், முன்பின் தெரியாதவர் கையில் கேமராவைக் கண்டால் சிலருக்கு நெஞ்சு பதறும் என்பதை மறந்துவிடக் கூடாது. கொரங்காட்டில் கடவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர், “ஏனுங்க, பூவயா படம் புடிக்கிறீங்க? கடவ மட்டும் சாத்திட்டுப் போங்க” என்பார். அங்கே முதல் கடமை அந்தக் கடவைச் சாத்துவதுதான்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அதன் விதையில் உள்ள கால்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தோட்டப் பயிராகவும் வளர்க்கிறார்கள். அங்கே அதை யார் எடுத்து வெளியிட்டாலும் அது பூப் படம்தான். ஈழத்தில் அதே பூ கார்த்திகைப்பூ. விடுதலைப் புலிகள் தேசியப் பூவாக அறிவித்த பூ. கார்த்திகை மாதத்தில் அதன் படம் போரில் இறந்தவர்களின் நினைவைச் சுமக்கிறது. இலங்கை அரசின் கண்ணிலும் அது அரசியலாகிவிடுகிறது. வெளியிடும்போது ஒழுங்கையின் பெயரையும் வீட்டின் அடையாளத்தையும் விட்டுவிடுவது அங்கே வாழ்கிறவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச நன்மை.

இரு பக்கமும் ஒன்றிடமிருந்து மற்றது கற்றுக்கொள்ள இடம் உண்டு. ஒழுங்கையில் படம் எடுக்கிறவர் நிழலின் சொகுசில் நின்றுவிடாமல், வேலி உச்சியில் வெயில் தொடும் நேரத்துக்குக் காத்திருந்து எதிரொளியைப் பழக வேண்டும். கொங்குப் படங்களில் பின்னணி முழுவதையும் கரைத்துப் பூவை மட்டும் தனியே நிறுத்தும் வழக்கம் மிகுதி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பூ வேலியில் பூத்ததா, தோட்டத்தில் பூத்ததா என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் படங்களில் கதியாலும் ஓலையும் உடன் வருவதால் வேலியும் பதிவாகிவிடுகிறது. கொங்கில் எடுக்கிறவரும் எஃப் 8-க்கு அருகே வைத்து இலை, பற்றுநுனி, ஏறி நிற்கும் கொம்பு எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு படம் எடுத்தால் போதும். மேத்யூ பாதிரியார் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்து தொகுத்த தமிழகத் தாவர நூலையோ, ஹென்றி டிரைமன் 1893-இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டையோ வைத்துச் செடியை அடையாளம் காண இலையும் தண்டும் கட்டாயம் வேண்டும். பூ மட்டும் போதாது.

யாழ்ப்பாணத்தில் கதியால் வேலி மதிலாகிறது. கொங்கு நாட்டில் கிளுவை வேலி கம்பி வேலியாகிறது. மதிலில் கொடி பற்ற இடமில்லை. கம்பியிலும் ஒன்றிரண்டு கொடிகள் ஏறலாம். ஆனால் கிளுவை தரும் நிழலும் ஈரமும் அடியில் சேரும் மண்ணும் அதற்கு இல்லை. அதனால் வேலிப் பூவைப் படம் எடுப்பது இன்று அழகுக்கான பொழுதுபோக்கோடு நின்றுவிடக் கூடாது. தண்ணீர் தெளித்துப் பொய்ப் பனித்துளி உண்டாக்காமல், குறுக்கே நிற்கும் கொடியைப் பிய்க்காமல், கிடைத்த வெளிச்சத்தில் பூவையும் வேலியையும் சேர்த்து எடுங்கள். நாள், ஊர், எந்த மரத்து வேலி என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு அதே இடத்துக்குப் போய் மறுபடியும் எடுங்கள். ஒரு வேலி இருந்ததற்கும் அதில் என்னவெல்லாம் பூத்தன என்பதற்கும் அந்தப் படங்கள் சாட்சியாகும். அதைக் காப்பாற்றச் சொல்லி ஊரில் பேசவும் அவை உதவும்.