பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் குழந்தையின் உள்ளமும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தை வளர்ச்சியின் படிநிலைகளே என்பது பலரும் கூறிவரும் கருத்து. செங்கீரையில் கையூன்றித் தலைநிமிர்ந்து அசைதலும், சப்பாணியில் கைகொட்டுதலும், வாரானையில் தளர்நடையும் அமைந்திருத்தலின் உடல் வளர்ச்சியளவில் அக்கருத்துப் பொருந்தும். உள்ள வளர்ச்சிக்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

இன்றைய உளவியலார் கூறும் நிலைகளுள் சில வருமாறு: 2 திங்கள் அளவில் முகம் நோக்கி முறுவலித்தல், 9 திங்கள் அளவில் புதியவரைக் கண்டு அஞ்சுதல், ஓராண்டையொட்டித் தான் கண்டதைப் பிறர்க்குச் சுட்டிக்காட்டுதல், இரண்டாம் ஆண்டில் மறுத்து நிற்றல். இவை குழந்தையின் உள்ளத்திலிருந்தே எழுவன. பிள்ளைத்தமிழிலோ தொடங்குவோர் பெரியோர். கொட்டுக, தருக, வருக என அவர் வேண்டுவர். குழந்தையின் மறுமொழி கேட்பதில்லை. அம்புலிப் பருவத்தில் புலவர் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் நிலவோடு வழக்காடுவர். அவ்வழக்கினிடையே குழந்தை மறைந்துவிடுகிறது.

பத்தென்னும் வரையறை வேரூன்றுதற்கு முற்பட்ட பெரியாழ்வார் நெறி வேறு. அவர் பாசுரத்தில் நிலவைத் தன் சிறுகையால் மீண்டும் மீண்டும் காட்டி அழைப்பவன் கண்ணனே. புறம்புல்கலில் அவனே வந்து தாயைப் பின்னின்று தழுவுகிறான். அப்பூச்சி காட்டலில் அவனே பிறரை அச்சுறுத்தி விளையாடுகிறான். பிறர் உள்ளத்திலும் அச்சம் எழும் என்று ஒருவாறு உணர்ந்த குழந்தைக்கே அவ்விளையாட்டு இயலும். காதுகுத்தலில் அவனது மறுப்பும் நம் செவியில் விழுகிறது. இம்மூன்றும் பிற்காலப் பத்துள் இடம்பெறவில்லை.

காரணம் தெளிவு. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கனைப் பாடியபோதே பிள்ளைமை புகழுக்குரிய வாயிலாயிற்று. அரசனும் தெய்வமும் அயலாரைக் கண்டு அஞ்சி அழுதல் புகழ்ச்சிக்கு ஒவ்வாது. ஆண்பாற்குரிய சிற்றிற்பருவம் ஒன்றே இதற்கு ஓரளவு விலக்கு. ஆண்டுச் சிறுமியர் தம் மணல்வீட்டைச் சிதைக்கவேண்டா என இரக்கின்றனர். குழந்தையின் விருப்பும் பிறர் விருப்பும் மோதுமிடம் அது.

இதனால் பிள்ளைத்தமிழின் கவிச்சிறப்புக் குறையாது. அது காட்டுவது குழந்தையின் உள்ளத்தை அன்று. குழந்தையைச் சூழ்ந்து நிற்பார்தம் ஆர்வத்தை. இவ்வேறுபாட்டை மறந்து அதனை அறிவியல் நூலென்று போற்றுதல், நூலுக்கும் நன்றன்று, குழந்தைக்கும் நன்றன்று.