பி-யா, சி-யா? சொற்பட்டியல் நம்பி வந்த வினை

படிவம் 5 கூடுதல் கணிதத்தில் நான்காவது அத்தியாயம் வந்ததும் வகுப்பில் ஒரே கேள்விதான்: "டீச்சர், இது பி-யா, சி-யா?"

பாடநூலில் பிலிஹ் அத்தூர், கபுங்கான் என்று இருப்பதைத் தமிழில் வரிசை மாற்றம், சேர்மானம் என்கிறோம். இரண்டுக்கும் கால்குலேட்டரிலேயே பட்டன் இருக்கிறது. ஆகவே கணக்கைப் போடுவது பெரிய வேலையில்லை. எந்தப் பட்டனைத் தட்டுவது என்பதில்தான் மதிப்பெண் போகிறது.

இதற்கு நாம் பல காலமாகக் கொடுத்துவரும் மருந்து ஒரு சொற்பட்டியல். 'அடுக்கு', 'சுசுன்' என்று வந்தால் பி. 'தேர்ந்தெடு', 'பிலிஹ்' என்று வந்தால் சி. பயிற்சித் தாள்களிலும் டியூஷன் குறிப்புகளிலும் இதைக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். இந்தப் பட்டியல் பிள்ளைகளுக்கு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் கருத்து.

முதலில் அத்தியாயத்தின் பெயரையே பாருங்கள். வரிசை மாற்றத்துக்கு மலாய்ப் பெயர் பிலிஹ் அத்தூர். 'பிலிஹ்' கண்டால் சி என்று சொல்லிக் கொடுத்த மாணவனுக்கு, பி-யின் பெயரிலேயே 'பிலிஹ்' இருப்பதை என்ன சொல்லி விளக்குவது?

அடுத்து இந்தக் கணக்கு. தமிழ்மொழிக் கழகத்தில் 12 பேர். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம்? பட்டியலை நம்பியவன் சி தட்டி 220 என்று எழுதுவான். சரியான விடை 12 × 11 × 10 = 1,320. மூன்று செயற்குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது என்றால்தான் 220. இரண்டு கேள்வியிலும் 'தேர்ந்தெடு' இருக்கிறது, விடை மட்டும் ஆறு மடங்கு வித்தியாசம்.

இரண்டு சொல்லுமே இல்லாத கேள்வி வந்தால் பட்டியல் கைவிரித்துவிடும். தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா, ஈப்போ, சுங்கை சிப்புட் என ஐந்து ரயில் நிலையங்கள். இவற்றுக்கிடையே எத்தனை விதமான ஒருவழி டிக்கெட் வேண்டும்? ஈப்போவிலிருந்து கம்பாருக்கு எடுத்த டிக்கெட்டில் கம்பாரிலிருந்து ஈப்போவுக்கு வர முடியாது. ஆகவே 5 × 4 = 20. அதே ஐந்து நிலையங்களுக்கு இடையிலான தூரங்களைப் பட்டியலிட்டால் எத்தனை வரும்? போனாலும் வந்தாலும் தூரம் ஒன்றுதான். ஆகவே 10. இங்கே எந்தச் சொல்லைத் தேடுவது?

பட்டியலுக்குப் பதிலாக "வரிசை முக்கியமா என்று பார்" எனச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. இது எவ்வளவோ மேல். ஆனால் 'வரிசை' என்றதும் பிள்ளை மனத்தில் கேண்டீன் க்யூதான் வருகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் க்யூவில் நிற்பதில்லையே. "இடத்துக்குப் பெயர் இருக்கா? ரெண்டு பேரை இடம் மாத்தினா வேற விடையா?" என்று கேட்கச் சொல்வதே தெளிவு.

இதை நம் தோட்டத்துப் பெரட்டை வைத்தே சொல்லலாம். விடியற்காலையில் கங்காணி முன்னால் 8 பேர் நிற்கிறார்கள். லாரியில் பால் ஏற்ற 3 பேர் வேண்டும். யார் யார் என்பது மட்டுமே கேள்வி: 56 வழி. அதே 8 பேரில் மூவருக்கு மேட்டு நிரை, பள்ளத்து நிரை, சாலையோர நிரை என்று ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்றால்? மேட்டு நிரை கிடைத்தவரும் சாலையோர நிரை கிடைத்தவரும் ஒன்றா என்று பால் வெட்டிய பாட்டியைக் கேட்டால் தெரியும். நிரைக்குப் பெயர் இருக்கிறது. ஆளை மாற்றினால் அன்றைய பாடே மாறிவிடும். ஆகவே 8 × 7 × 6 = 336.

இப்போது 336-ஐ 56-ஆல் வகுத்துப் பாருங்கள். 6 வரும், அதாவது 3!. முதலில் மூவரைப் பிலிஹ் செய்தோம், பிறகு மூன்று நிரையில் அத்தூர் செய்தோம். சூத்திரம் முழுவதும் அந்த மலாய்ப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் அன்றாடம் படிக்கும் மொழியில் இவ்வளவு நல்ல விளக்கம் கிடைத்தும் நாம் அதை விட்டுவிட்டுப் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய நூல்கள் இந்த வேறுபாட்டைப் பொருளை வைத்தே காட்டின. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் விஷ்ணுவின் நான்கு கைகள் வருகின்றன. சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றைக் கை மாற்றிக் கொடுத்தால் எத்தனை உருவம்? 24. கைக்குக் கை வேறு என்பதால் வரிசை மாற்றம். அதே நூலில் அறுசுவையும் வருகிறது. ஒன்றாகவோ, இரண்டு மூன்றாகவோ, ஆறும் சேர்ந்தோ கலந்தால் எத்தனை கலவை? 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63. புளியை முதலில் சொன்னாலும் உப்பை முதலில் சொன்னாலும் கலவை ஒன்றுதான், ஆகவே சேர்மானம். எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

'இடத்துக்குப் பெயர் இருக்கா?' என்ற கேள்வியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மூன்று இடங்களில் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டும்.

முதலாவது, ஒரே எழுத்து இரண்டு முறை வருவது. தாப்பா ஊரின் ரோமன் எழுத்துகள் டி, ஏ, பி, ஏ, எச். இரண்டு 'ஏ'க்களை இடம் மாற்றினால் எதுவும் மாறாது. ஆகவே 5! ÷ 2! = 60. இதையே, ஐந்து இடத்தில் 'ஏ'க்களுக்கு இரண்டு இடம் தேர்வு (10), மீதி மூன்று எழுத்தை அடுக்குவது (6) என்றும் பெறலாம். ஒரே கணக்கில் சி-யும் உண்டு, அடுக்குவதும் உண்டு.

இரண்டாவது, மறுபடி வரலாமா என்பது. கார் எண்பட்டையில் நான்கு இலக்க எண்கள் 1000 முதல் 9999 வரை 9,000. இலக்கம் மறுபடி வரக்கூடாது என்றால் 9 × 9 × 8 × 7 = 4,536. முதல் இடத்தில் 0 வராது என்பதால் பி பட்டனை நேரே தட்டினால் 5,040 என்று தவறாக வரும்.

மூன்றாவது, பெயரில்லாத குழுக்கள். 6 பேரை மூவர் மூவராகச் சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்தால் 20. வெறும் இரண்டு குழு என்றால் 10 மட்டுமே.

"நேரம் எங்கே இருக்கு? பலவீனமான பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் முதல் பயிற்சியில் பட்டியலால் பத்துக்குப் பத்து வாங்கி, தேர்வில் கேள்வியின் சொல் மாறியதும் முழிப்பவன் அந்தப் பலவீனமான பிள்ளைதான். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று அவன் ஒதுங்குவது இப்படித்தான் தொடங்குகிறது. பொறியியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் ஒரு வாசல். அதை நம் குறுக்குவழியே அடைக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்விகளை இரட்டையாகக் கொடுங்கள்: செயற்குழுவும் பதவியும், தூரமும் டிக்கெட்டும், லாரியும் நிரையும். விடைக்கு முன் 'மாற்றினால் வேறு, ஏனென்றால்…' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, சந்தேகம் வந்தால் எண்ணைச் சுருக்குங்கள். மூன்று பேரில் இருவரை எடுத்துக் கையால் எழுதிப் பாருங்கள். 6 வந்தால் பி, 3 வந்தால் சி. அதற்குப் பிறகு பட்டனைத் தட்டுங்கள்.