வாடை குடியிருப்பது அடிநூலில்

விலை உயர்ந்த பாரசீகக் கம்பளத்தில் தண்ணீரே படக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அதை நெய்த மண்ணில் அப்படி யாரும் நினைத்ததில்லை. மார்ச் 20-ஐ ஒட்டி வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்குச் சில வாரங்கள் முன்பே ஈரானியர் வீட்டு விரிப்புகளைச் சுருட்டி முற்றத்துக்குக் கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் கழுவித் தரும் பட்டறைக்கு அனுப்புவார்கள். தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரில் செஷ்மே அலி என்றொரு ஊற்று உண்டு. தலைமுறை தலைமுறையாக மக்கள் கம்பளங்களை அங்கே ஓடும் நீரில் அலசி, பக்கத்துப் பாறைச் சரிவில் காயப்போட்டு வந்தார்கள். பூனையோ நாயோ நனைத்துவிட்ட கம்பளத்துக்கு இந்த முழுக்குளியல் பொருந்துமா என்பதே இங்கே கேள்வி.

மூத்திரம் எங்கே போய்த் தங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நகரப் பட்டறைகளில் நெய்யும் கம்பளங்களில் பெரும்பாலும் மேலே தெரிவது கம்பளி முடிச்சு. அதைத் தாங்கும் அடிநூலான பாவும் ஊடையும் பருத்தி. கம்பளி இழையின் மேற்பரப்பு நீரை எளிதில் ஏற்காது. ஆகவே கொட்டியது முடிச்சுகளுக்கிடையே வழிந்து இறங்க, அடியிலுள்ள பருத்தி அதை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலமும் உண்டு. அது சிதையும்போது எழும் நெடிதான் ஆண் பூனை உள்ள வீடுகளில் மூக்கைத் துளைப்பது. காய்ந்தபின் தங்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. போய்விட்டதாக நினைத்த வாடை மழை நாளில் திரும்பி வருவது இதனால்தான்.

இந்த நிலையில் வீட்டு வைத்தியங்கள் எதுவரை எட்டும்? நனைந்த உடனே பருத்தித் துணியை அழுத்தி ஒற்றி எடுப்பதைவிடச் சிறந்த முதலுதவி இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தண்ணீர் கலந்த வினிகரும் அளவோடு நல்லதுதான்: காரத்தை அடக்கும், சாயம் கலங்குவதையும் ஓரளவு தடுக்கும். ஆனால் ஆப்பசோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றி, நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வது வீண் வேலை. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, எஞ்சுவது உப்பு நீர். கரையாத தூளோ முடிச்சுகளின் வேரில் படிகிறது. புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த திரவங்களில் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் கம்பளியும் பட்டும் புரதமே. நீராவி இயந்திரம் அதைவிட மோசம். சூடு கறையை இழையோடு பிணைத்துவிடும், சாயத்தையும் இளக்கும்.

பாரசீக முறையின் வலிமை அது அடிநூல்வரை போவதில் இருக்கிறது. முதலில் கம்பளத்தைக் கவிழ்த்துத் தட்டித் தூசியை உதிர்க்கிறார்கள். பிறகு நன்றாக ஊறும்வரை நீர். அதன்மேல் மென்மையான சோப்பு. முன்பெல்லாம் சூபக் என்ற செடியின் வேர்த்தூள். நம் பூந்திக்கொட்டையில் நுரை தரும் சப்போனின்தான் அதிலும் உள்ளது. கம்பளியைக் கெடுக்கும் காரம் அதில் இல்லை. பின்னர் பாரூ என்ற மரத்துடுப்பால் கம்பளி படிந்திருக்கும் திசையிலேயே நீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றுகிறார்கள். வெளிவரும் நீர் தெளியும்வரை இதே வேலை. உப்பு கரைந்து வெளியேறுகிறது. வாடையைப் பொறுத்தவரை இதற்கு ஈடான முறை இல்லை.

ஆனாலும் எல்லாக் கம்பளத்துக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவுரியும் மஞ்சிட்டி இனத்து வேரும் முறையாக ஏறிய பழைய சாயங்கள் பெரும்பாலும் தாங்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரானுக்குள் நுழைந்த செயற்கைச் சாயங்களில் பல தாங்காது. சிவப்பு ஒழுகி வெள்ளையில் ஏறிவிட்டால் மீட்பது கடினம். 1920-களில் அமெரிக்கச் சந்தைக்குப் போன சாரூக் என்ற வகைப் பாரசீகக் கம்பளங்களின் கதை இன்னும் சிக்கல். அவற்றில் பலவற்றின் நிறத்தை ரசாயனத்தால் வெளுக்கவைத்து, பின்னர் கையாலேயே அடர்சிவப்பு தீட்டினார்கள். நெய்தபோது ஏறாத அந்தப் பூச்சைக் கழுவுபவர் நம்ப முடியாது. எனவே ஒவ்வொரு நிறத்திலும் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சோதிக்காமல் தொட்டியில் இறக்குவது குற்றம். சோதனையைக் கறை விழுந்த இடத்திலேயே செய்ய வேண்டும், ஏனெனில் மூத்திரம் அங்குள்ள சாயத்தை ஏற்கெனவே தளர்த்தியிருக்கும்.

காயவைப்பதிலும் கோளாறு நேர்கிறது. மேலே கம்பளி உலர்ந்தபின்னும் உள்ளே பருத்தி ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரப்பட்டு உச்சி வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபில் என்ற புகழ்பெற்ற பாரசீகக் கம்பளத்துக்கு அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கு எரிகிறது. ஒளிக்கு அங்கே அவ்வளவு அஞ்சுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நனைந்து பருத்தி இற்றுப்போன கம்பளம், நீரின் பாரத்தாலேயே கிழியவும் கூடும். வளைக்கும்போது நொறுங்கும் ஓசை கேட்டால் அதைத் தொட்டியில் இறக்கக் கூடாது.

வாடை போனபின்னும் மஞ்சளாகவோ வெளிறியோ ஒரு திட்டு நிற்பதுண்டு. பல வேளைகளில் அது அழுக்கே அல்ல. அங்கே சாயமே மாறிவிட்டது. கழுவக் கழுவ அது இன்னும் தெளிவாகத் தெரியும். ரொஃபூகர் எனும் கைவினைஞர் பழைய முடிச்சுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் அது மறையும். பழமையான கம்பளமானால் அந்தத் திட்டை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வாடையையும் கறையையும் ஒரே கழுவலில் போக்குவதாக வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். கம்பளத்தை ஒப்படைக்கும் முன் கேளுங்கள்: சாயத்தைச் சோதித்தீர்களா, அடிநூல்வரை நீர் போகுமா, எங்கே எப்படிக் காயவைப்பீர்கள்? பதிலில் நீராவி என்ற சொல் வந்தால் கம்பளத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.