பொதுக்காலமும் ஆண்டுவட்டமும்: எல்லையோர வழிபாட்டுச் சொற்கள் இரண்டு

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதன் விளைவாக, இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கரிடையே ஒரே ஞாயிற்றுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. களியக்காவிளைக்குத் தெற்கே அது 'பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு'. பாறசாலைப் பக்கத்து மலையாள வழிபாட்டில் 'ஆண்டுவட்டத்தின்' ஞாயிறு. இவ்விரு பெயர்ப்புகளின் தகுதியை ஈண்டு நோக்குவோம்.

1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திருவருகை, தவம், பாஸ்கா முதலிய சிறப்புக் காலங்கள் நீங்கலாக எஞ்சும் 33 அல்லது 34 வாரங்களே இக்காலம். இலத்தீனில் இதன் பெயர் 'ஆண்டு நெடுகிலுமான காலம்' என்று மட்டுமே பொருள்படும். ஆங்கிலத்தார் இட்ட 'ஆர்டினரி' என்னும் அடை, வரிசையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததாயினும், கேட்போர் செவியில் 'சாதாரணம்' என்றே விழுகிறது. தமிழ்ப் பெயர்ப்பாளர் 'சாதாரண' என்று எழுதாது 'பொது' என்றது பாராட்டத்தக்கது. நன்னூலார் பாயிரத்தைப் பொது, சிறப்பு என இரண்டாக்குவர். பொதுப்பாயிரம் சிறப்புப்பாயிரத்தினும் தாழ்ந்ததன்று. எல்லா நூலுக்கும் உரியது என்பதே அதன் இலக்கணம். பொதுக்காலமும் அவ்வாறே எல்லா நாளுக்கும், எல்லாத் தொழிலுக்கும் உரிய காலமாகிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்பவரின் நாளும், மூவேளை செபம் சொல்லும் வீட்டின் நாளும் இதனுள் அடங்கும்.

குறை வேறிடத்தில் உள்ளது. வாசக நூலில் 'ஆண்டின் பொதுக்காலம்' என நிற்கும் முழுத்தொடர், அறிவிப்புகளில் 'ஆண்டின்' என்பதை இழந்துவிடுகிறது. அடைகொளி போனபின், விழா ஏதுமற்ற வெற்றுக்காலம் என்ற எண்ணத்திற்கு இடமுண்டாகிறது. மலையாளப் பெயரோ ஆண்டை விடவில்லை. 'வட்டம்' மூலத்தில் இல்லாத சேர்க்கைதான். எனினும் மீண்டும் மீண்டும் வரும் அன்றாடத்தின் இயல்பை அது சொல்லிவிடுகிறது. அதன் இரு உறுப்புகளும் தமிழுக்கும் உரியவையாதலின், எல்லையோரத் தமிழருக்கு அதனைப் பெயர்த்துரைக்க வேண்டுவதில்லை.

வெற்றுக்காலம் என்னும் எண்ணத்தை மறுக்க எல்லைக்கு அப்பாலேயே சான்றுண்டு. நட்டாலத்தில் பிறந்து, 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை துறவியல்லர், குருவும் அல்லர், இல்லறத்தார். அவரது நினைவுநாள் ஜனவரி 14. கிறிஸ்து பிறப்புக் காலத்தை முடிக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஜனவரி 13ஐத் தாண்டாது. ஆகவே அந்நாள் எவ்வாண்டும் பொதுக்காலத்திலேயே விழும்.

2017இல் பாறசாலையைத் தலைமையிடமாகக் கொண்டு மறைமாவட்டம் பெற்ற சீரோ மலங்கரை மரபில் இத்தகைய பொதுப்பெயரே இல்லை. பெந்தெகொஸ்தே, திருச்சிலுவை முதலிய விழாக்களுக்குப் பின் என்றே அம்மரபில் ஞாயிறுகள் எண்ணப்பெறுகின்றன. அங்கு நாளுக்குப் பெயர் தருவது கழிந்த விழா.

வாசக நூலைத் திருத்துவோர் 'ஆண்டின்' என்பதைச் சுருக்க வடிவிலும் காப்பது நலம். வரிசைப் பொருளைத் தனிச்சொல்லால் உணர்த்த வேண்டிய தேவை நமக்கில்லை. 'பதினைந்தாம்' என்பதிலுள்ள 'ஆம்' ஈறு இரு மொழியிலும் அப்பணியைச் செய்துவருகிறது.