குரோம்பேட்டைப் பாடம்

ஒரு தேசம் தொழில் கற்றுக்கொள்வது எப்படி என்று பொருளாதார நிபுணர்கள் எழுதுகிற புத்தகங்களை நான் ஒரு நாவலாசிரியனின் சுயநலத்தோடுதான் படிக்கிறேன். அவற்றில் மனிதர்கள் எங்கே வருகிறார்கள் என்று தேடுவேன். பெரும்பாலும் அகப்படமாட்டார்கள். மூலதனம் வரும், யந்திரம் வரும், சர்க்காரின் கொள்கை வரும், கடைசியில் சரக்கு வந்துவிடும். சரக்கைச் செய்தவன் மட்டும் வரமாட்டான்.

ரிக்கார்டோ ஹவுஸ்மனும் ஸீஸர் ஹிடால்கோவும் தங்கள் சகாக்களோடு 2011இல் வெளியிட்ட பொருளாதார அட்லஸ் இந்த விஷயத்தில் ஓரளவு முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் செல்வம் அதன் மக்களிடையே எத்தனை விதமான தொழிலறிவு பரவிக்கிடக்கிறது, அவை எப்படி ஒன்றோடொன்று சேருகின்றன என்பதைப் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். யந்திரத்தைக் கப்பலில் ஏற்றலாம். சூத்திரத்தைத் தபாலில் அனுப்பலாம். செய்யத் தெரிந்த கையை அப்படி அனுப்ப முடியாது. ஆகவேதான் தொழிலறிவு மெல்ல நகர்கிறது. கைக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கு வராது என்பதை மைக்கேல் போலன்யி 1958இலேயே தத்துவமாக எழுதிவிட்டார். நம் வீட்டுப் பெண்கள் அதற்கும் முன்பே, ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கை கணக்குத்தான்" என்று சொல்லிவந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் அட்லஸ்காரர்கள் தொழிலறிவை அளப்பது ஏற்றுமதிப் பட்டியலைக் கொண்டு. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், யாரைக் கற்கவிடாமல் செய்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் ஏறாது. அந்த இரண்டும் ஏறாத கணக்கு அரைக் கணக்கு என்பது என் அபிப்பிராயம். இதைச் சோதித்துப் பார்க்க, கீழ்க்கட்டளையில் குடியிருக்கிற எனக்கு ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. குரோம்பேட்டை வரை போனால் போதும்.

ஊர்ப்பெயரிலேயே ஒரு ரசாயனப் பொருளை வைத்திருக்கிற ஊர் அது. குரோம் லெதர் கம்பெனி அங்கே இருந்ததால் வந்த பெயர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது நம் பழைய முறை. குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாட்களில் பதனிடும் முறைக்கு நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884இல் உரிமை பெற்றார். இருபதாண்டுக்குள் அது சென்னைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்து நிலைநாட்டியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பையும் ஏற்ற வெள்ளைக்காரர். 1898இல் அந்தப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கி, 1903இல் தொழிலை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு குரோம் தோலில் இறங்கினார். கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோல் சாலுக்கு, ஈரத்தில் எளிதில் அழுகாத தோல் வேண்டும் என்பது அவருடைய ஆரம்ப நோக்கங்களில் ஒன்று. ஐரோப்பியச் சந்தையை நினைத்து அல்ல, நம் கிணற்றடியை நினைத்துத் தொடங்கிய காரியம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சர்க்கார் கடை திறந்து எங்களோடு போட்டி போடலாமா என்று முறையிட்டார்கள். 1910இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு ஓர் உத்தரவு அனுப்பினார். புதிய முறைகளை ஜனங்களுக்கு அறிமுகப்படுத்த சர்க்கார் பணம் செலவிடலாம். அதைத் தாண்டி, அந்த முறை லாபம் தருமா என்று நடத்திக்காட்டுவது தனியார் வேலை என்பது அதன் சாரம். குரோம் தோல் தொழிற்சாலை ரேவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. சாட்டர்ட்டன் 1912இல் மைசூருக்குப் போய்விட்டார். அதே வருஷம் அவருடைய 'இண்டஸ்ட்ரியல் எவல்யூஷன் இன் இண்டியா' சென்னையில் வெளிவந்தது.

மார்லி மூடரல்லர். சர்க்கார் தொடங்கும் வியாபாரம் சர்க்காரை விட்டுப் போகாது என்று அவர் பயந்திருந்தால், பிற்காலத்தில் நாம் அந்தப் பயத்துக்கு வேண்டிய சாட்சியங்களைத் தந்திருக்கிறோம். அவருடைய பிழை வேறிடத்தில் இருக்கிறது. கற்பதையும் செய்வதையும் இரண்டு அறைகளாகப் பிரித்து நடுவில் கதவைச் சாத்தலாம் என்று அவர் நம்பினார். தோல் எப்போது பதத்துக்கு வந்தது என்பது கையால் மடித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். ஒரு வண்டித் தோல் கெட்டு, நஷ்டமும் வசவும் வாங்கின பிறகே அந்தக் கைக்கு அந்த ஞானம் வரும். நஷ்டம் வராத இடத்தில் தொழில் கற்பிப்பது தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் கற்பிப்பது போலத்தான்.

சாட்டர்ட்டனின் புத்தகத்தில் எனக்கும் வழக்கு உண்டு. நேர்மையான, உழைப்பாளியின் புத்தகம் அது. ஆனால் அது அதிகாரியின் பார்வையில் எழுதப்பட்டது. தொழிலாளியின் குரலைத் தேடினால் அகப்படாது. அந்தக் குரலுக்குக் காது கொடுத்திருந்தால் சேலத்தில் நடந்தது அவ்வளவு வியப்பாக இருந்திராது. கைத்தறி நெசவாளரை ஒரே கூரையின்கீழ் கூட்டி, விசைநாடா பொருத்திய தறிகளைக் கொடுத்து, 1906இல் அங்கே ஒரு நெசவுச்சாலை நடத்திப் பார்த்தார்கள். நெசவாளிகள் மணியடித்தால் வந்து மணியடித்தால் போகிற வாழ்வை விரும்பவில்லை. நான்கைந்து வருஷத்தில் சாலை மூடப்பட்டது. ஆனால் விசைநாடா தோற்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் சென்னை மாகாணத்தின் பெரும்பாலான கைத்தறிகளில் அது ஏறிவிட்டது. எப்படி? பக்கத்து வீட்டுத் தறியில் ஓடுவதை இவன் பார்த்தான். தச்சனைக் கூப்பிட்டு, "அதே மாதிரி ஒன்று செய்" என்றான். நெசவுத் தெருவே பள்ளிக்கூடம். அங்கே ஹாஜர் எடுக்க வேண்டியதில்லை.

இதே காரியத்தை ஜப்பானியர் எப்படிச் செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். 1872இல் தொமியோக்காவில் அரசாங்கமே பட்டு நூற்பாலை ஒன்றைத் திறந்தது. பால் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரர் நடத்தினார். அங்கே வேலைக்கு ஆள் சேரவில்லை. வெள்ளைக்காரர்கள் குடித்த சிவப்பு ஒயினை ரத்தம் என்று ஜனங்கள் நினைத்துப் பயந்தார்களாம். அப்போது சாமுராய்க் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பின. அந்தப் பெண்கள் வேலை பழகி ஊர் திரும்பி, அங்கங்கே எழும்பின ஆலைகளில் ஆசிரியைகளானார்கள். ஆலை லாபம் சம்பாதித்ததா என்பது இரண்டாம் பட்சம்; ஆசிரியைகளைச் சம்பாதித்தது. அரசாங்கமும் ஆலையைக் கட்டிக்கொண்டு அழவில்லை, 1893இல் விற்றுவிட்டது.

நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆலைக்குப் போனார்கள் என்பதுதான் இதில் உயிரான இடம். நம்மிடத்தில் தோலுக்கு நேர்ந்தது நேர் எதிர். தோலைப் பற்றி இந்த நாட்டில் யாருக்குத் தெரிந்திருந்தது? செத்த மாட்டை உரித்துச் சாலும் செருப்பும் தைத்துக் கொடுத்த சக்கிலியருக்கும், தோல் தொழிலில் உழைத்த மற்றத் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் கையிலிருந்த அறிவை நாம் அறிவு என்று சொல்லவில்லை, தீட்டு என்று சொன்னோம். தீட்டான அறிவை யாரும் எழுதிவைப்பதில்லை. கற்றுக்கொள்ள யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. அதன் மேல் யாரும் கடன் கொடுப்பதுமில்லை. புது முறை வந்தபோது முதலும் சந்தைத் தொடர்பும் உள்ளவர்கள் அதைப் பற்றிக்கொண்டு முதலாளிகளானார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோலை அறிந்தவன் கூலிக்காரனாகவே குழியில் இறங்கினான். தொழிலறிவு ஏன் மெல்ல நகர்கிறது என்று கேட்கிற நிபுணர்கள், நம் ஊரில் அதன் காலைக் கட்டிவைத்த கயிறு எது என்பதையும் கேட்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும், 1958இல் அதன் தலைமைக்கு நாயுடம்மா வந்ததும் இந்தக் கதையில் நல்ல அத்தியாயங்கள். ஆராய்ச்சிக்கூடம், பல்கலைக்கழக வகுப்பு, தொழிற்சாலை மூன்றையும் அவர்கள் ஒரே திண்ணையில் உட்காரவைத்தார்கள். மார்லி சாத்திய கதவு அங்கே திறந்தது. ஆனாலும் நாம் குரோம் வித்தையில் பாதியைத்தான் சீக்கிரம் கற்றோம். தோலுக்குப் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் பிடிக்காமல் கழிவுநீரோடு போய்விடும். போனது எங்கே போகிறது என்கிற பாடத்தைப் பாலாற்றுக் கரைக் கிணறுகள் பாழானபின், 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துத்தான் பலருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. லாபம் தரும் பாதி தானே பரவும். பொறுப்பைக் கேட்கும் பாதியைப் பரப்ப யாராவது மெனக்கெட வேண்டும்.

எங்கள் கீழ்க்கட்டளையில் ஒரு லேத்துப் பட்டறை உண்டு. அங்கே வேலை பழகுகிற பையனுக்கு முதல் பல மாதங்கள் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதுதான் படிப்பு. "சத்தத்தைக் கேளு தம்பி" என்பார் பட்டறைக்காரர். டூல் மழுங்கினதைக் கண் பார்க்குமுன் காது சொல்லிவிடும். இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழோடு வருகிறவருக்கு இந்தக் காது இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் தொழில் வளர்ச்சியின் உண்மையான இடைவெளி அந்த இளக்காரத்தின் அகலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்தார்கள், சம்பளம் வந்தது, அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒரே திருகை ஒரே இடத்தில் நாள் முழுவதும் பொருத்திய கை, ஆலையை விட்டு வெளியே வரும்போது எதைக் கொண்டுவரும்? வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்தால் கற்றுக்கொண்டு போக எதுவும் மிஞ்சாது. இது அந்த ஒரு ஆலையின் குற்றமல்ல. இந்தக் காலத்து உற்பத்தியின் இயல்பே அப்படி.

ஆகவே புதிய தொழிற்சாலை வருகிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது, எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பத்து வருஷம் அங்கே உழைத்து வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் சொந்தமாக ஒரு பட்டறை போட முடியும், அவர்களில் எத்தனை பேர் இதுவரை குழியில் மட்டும் இறங்கியவர்களின் பிள்ளைகள் என்று மூன்றாவதாகவும் கேட்க வேண்டும். அட்லஸில் இதற்குப் பத்தி கிடையாது. நாம்தான் கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.